“மேசியா வந்துவிட்டார் என்றால் சைரன் ஏன்?”

கேள்வி: ஐயா, நான் குமரி மாவட்டத்துக்காரி. இஸ்ரவேலில் ஹைஃபா பட்டணத்தில் 86 வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். தங்கமான மனிதர். நான் பைபிள் வாசிப்பதைப் பார்த்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் சைரன் ஒலித்தது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பாதுகாப்பு அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, “மேசியா வந்துவிட்டார் என்கிறாயே, அப்படியென்றால் இது என்ன?” என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஊரில் ஜெபக்குழுவில் சொன்னேன். “ஏசாயா 53-ஐக் காட்டு, அதை ரபிமார் யூத ஜனங்களிடமிருந்து மறைத்துவைத்திருக்கிறார்கள்” என்று ஒரு வீடியோ அனுப்பினார்கள். காட்டலாமா? அவர்கள் ஏன் இயேசுவை ஏற்றுக்கொள்வதில்லை? இன்னொன்று: பஸ்கா இரவில் எலியாவுக்காக வாசற்கதவைத் திறக்கும் வேலையை இந்த வருஷம் எனக்குத் தருவதாகச் சொல்லுகிறார். அது என் விசுவாசத்துக்கு விரோதமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். அதில் சொல்வது உண்மை இல்லை. பெரியவரிடம் காட்டினால் இத்தனை நாள் நீங்கள் சம்பாதித்த நல்ல பேர்தான் போகும்.

ஏசாயா 53 எங்கேயும் பூட்டிவைக்கப்படவில்லை. எந்த எபிரெய வேதத்தைத் திறந்தாலும் 52-க்கும் 54-க்கும் நடுவில் இருக்கிறது. வதந்திக்கு ஒரு சின்ன முகாந்திரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெப ஆலயத்தில் ஓய்வுநாள்தோறும் தோரா, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்கள், வாசித்த பிறகு தீர்க்கதரிசிகளின் புத்தகங்களிலிருந்து ஒரு பகுதி வாசிப்பார்கள். எல்லாப் பகுதியும் வராது, தேர்ந்தெடுத்த பகுதிகள்தான். கோடைக்காலத்தில் ஆலயம் இடிந்ததை நினைத்துத் துக்கம் கொண்டாடிய பின், ஆறுதலின் வாரங்கள் என்று ஏழு வாரம் ஏசாயாவிலிருந்து வாசிப்பார்கள். அதில் ஒரு வாரம் 52-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனத்தோடு நிற்கும். இன்னொரு வாரம் 54-இல் ஆரம்பிக்கும். நடுவில் இருப்பது வராது. சீயோனுக்கு ஆறுதல் சொல்லும் பகுதிகளைப் பொறுக்கியதால் அப்படியா, கிறிஸ்தவர்களோடு நடந்த வாக்குவாதத்தால் அப்படியா என்று விவாதிக்கிறவர்கள் உண்டு. ஆனால் தீர்க்கதரிசிகளில் பெரும்பகுதி இப்படி வாசிப்புக்கு வராததுதான். விளக்கம் எழுதிய யூத அறிஞர்கள் யாரும் அந்த அதிகாரத்தைத் தாண்டிக் குதிக்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டின் ராஷி எழுதியிருக்கிறார், அவருக்குப் பின் இப்னு எஸ்ரா, கிம்கி என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள்.

சரி, காட்டினால் என்ன நடக்கும்? பெரியவர் வேதம் படித்தவராக இருந்தால் பக்கத்தைப் பின்னால் புரட்டுவார். 41:8-ஐக் காட்டுவார்: “என் தாசனாகிய இஸ்ரவேலே.” 49:3-ஐக் காட்டுவார்: “நீ என் தாசன், இஸ்ரவேலே, நான் உன்னில் மகிமைப்படுவேன்.” பாடுபடுகிற தாசன் தனி மனிதர் இல்லை, ஜாதிகளின் நடுவே அடிபட்டு மிதிபட்ட எங்கள் ஜனம்தான் என்பார். இது ராஷி கிளப்பிவிட்ட விளக்கம் என்று நம்மவர்கள் சிலர் மேடையில் பேசுவார்கள், அதுவும் தப்பு. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன் என்ற நம்முடைய சபைப் பிதாவே, தாம் வாதம் செய்த யூத அறிஞர்கள் இந்த அதிகாரம் முழு ஜனத்தையும் குறிக்கிறது என்று சொன்னதாக எழுதிவைத்திருக்கிறார். ராஷிக்கு 800 வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது.

மறுபக்கமும் இருக்கிறது. ஜெப ஆலயங்களில் புழங்கிய பழைய அரமேய மொழிபெயர்ப்பு அந்தத் தாசனை “என் தாசனாகிய மேசியா” என்றே சொல்லுகிறது. ஆனால் பாடுகள் வரும் இடத்தில் அவற்றை மேசியாவின் தலையிலிருந்து எடுத்து இஸ்ரவேல்மேலும் பிற ஜாதிகள்மேலும் வைத்துவிடுகிறது. ஆக, மேசியாவை அந்த அதிகாரத்தில் பார்த்த யூதர்களும் உண்டு, சிலுவையைப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் கேட்கக்கூடிய நல்ல கேள்வியும் உண்டு: 49:6-இல் தாசன் இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவர அனுப்பப்படுகிறான். இஸ்ரவேலே தாசன் என்றால் இஸ்ரவேலை இஸ்ரவேலிடம் அனுப்புவது எப்படி? அவர்கள் அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். இப்படியே போகும். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி இதே பகுதியை வாசித்துவிட்டுப் பிலிப்புவிடம் என்ன கேட்கிறார்? தீர்க்கதரிசி இதை யாரைக்குறித்துச் சொல்லுகிறார், தம்மைக்குறித்தா, வேறொருவரைக்குறித்தா என்றுதானே? பிலிப்பு அவரைக் குருடன் என்று திட்டவில்லை. கேட்கத் தகுந்த கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்.

பெரியவர் உங்களிடம் கேட்டதோ இந்த வசனத்தைப் பற்றி இல்லை. அவர் கேட்டது இன்னும் கனமான கேள்வி. யூதர்கள் கேட்கும் மூலக் கேள்வியே அதுதான். மேசியா யார் என்பதை அவர்கள் அவர் செய்து முடிக்கும் வேலையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஏசாயா 2:4-ஐ நாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணியிருக்கிறோம்: பட்டயங்கள் மண்வெட்டிகளாகும், ஈட்டிகள் அரிவாள்களாகும், ஜாதிகள் இனி யுத்தத்தைக் கற்பதில்லை. தாவீதின் வம்சத்து ராஜா வருவார், சிதறியவர்களைச் சேர்ப்பார், ஆலயத்தைக் கட்டுவார், உலகத்தில் சண்டை ஓயும். ஓய்ந்ததா? இல்லை. அப்படியானால் அவர் இன்னும் வரவில்லை. அவர்கள் கணக்கு இவ்வளவுதான்.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் இதைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார். தாவீது வம்சத்தில் ஒரு ராஜா எழும்பி, தோராவில் ஊறி, ஜனத்தை அதன் வழியில் நடத்தி, கர்த்தருடைய யுத்தங்களைச் செய்தால் அவரை மேசியாவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள். ஆலயத்தையும் கட்டி, சிதறியவர்களையும் சேர்த்துவிட்டால் அவரே மேசியா. முடிக்காமல் போனாலோ கொல்லப்பட்டாலோ அவர் இல்லை. அற்புதம் செய்து காட்டத் தேவையில்லை என்றும் சொல்லுகிறார். நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். நாம் கல்லறை திறந்ததில் ஆரம்பிக்கிறோம், அவரோ கொல்லப்பட்டதோடு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடுகிறார். அதே மைமோனிடிஸ் அதே இடத்தில், இயேசுவால் பரவிய மார்க்கமும் பின்வந்த இஸ்லாமும் மேசியா, தோரா பற்றிய பேச்சைத் தூர தேசங்கள்வரை கொண்டுபோய், வரப்போகிற ராஜாவுக்கு வழியைச் செம்மைப்படுத்துகின்றன என்றும் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதியைக் கிறிஸ்தவத் தணிக்கைக்காரர்கள் பின்னால் அச்சுப் பிரதிகளிலிருந்து வெட்டிவிட்டார்கள். மறைத்தது யார் என்று கேட்டால் இங்கே நம்மைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

இயேசுவை மட்டும் வேண்டுமென்று தள்ளினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கி.பி. 132-இல் ரோமருக்கு எதிராகக் கலகம் செய்த பார் கோக்பாவை, அக்காலத்தின் மாபெரும் ரபியான அகிபாவே மேசியா என்றார். ரபி யோகனான் பென் தோர்த்தா உடனே, “அகிபா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், தாவீதின் குமாரன் அப்போதும் வந்திருக்கமாட்டார்” என்று திருப்பிக்கொடுத்தார். 135-இல் கலகம் நசுக்கப்பட்டது, பார் கோக்பா செத்தார், கதை முடிந்தது. 1665-இல் சப்பத்தாய் ஸ்வி என்பவரை ஐரோப்பாவிலும் துருக்கியிலும் ஏராளமான யூதர்கள் மேசியா என்று நம்பினார்கள். அடுத்த வருஷமே சுல்தானுக்குப் பயந்து அவர் முஸ்லிமானார். சூடுபட்ட ஜனம் அது. யாராவது ‘வந்துவிட்டார்’ என்றால் ‘எங்கே காட்டு’ என்று கேட்பது அவர்களுக்குப் பழகிப்போயிற்று.

உங்கள் பெரியவர் கேட்டதை ஒரு ராஜாவின் முகத்துக்கு நேராகக் கேட்டவர் ஒருவர் உண்டு. அந்தக் கதையை நான் வகுப்பில் விடாமல் சொல்வேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1263 ஜூலை. பார்சிலோனாவில் அரகோன் ராஜா முதலாம் ஜேம்ஸின் அரண்மனை. மயோர்காவையும் வலென்சியாவையும் போரிட்டுப் பிடித்தவர் அவர், ‘வெற்றிவேந்தர்’ என்றே பட்டப்பெயர். ஒருபக்கம் பாப்லோ கிறிஸ்தியானி, யூதராகப் பிறந்து கிறிஸ்தவராகி டொமினிக்கன் சபைத் துறவியானவர். அவருக்குப் பின்னால் சபையின் பெரிய தலையான பென்யாபோர்த் ராமோன். எதிர்ப்பக்கம் ஜிரோனாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ரபி மோசே பென் நக்மான், எழுபதை நெருங்கியவர். யூதர்கள் ரம்பான் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விரும்பி வந்தவர் இல்லை, ராஜாவின் கட்டளை. பயமின்றிப் பேச அனுமதி வேண்டும் என்று அவர் முதலில் கேட்டுவாங்கிக்கொண்டார். தூஷணமாகப் பேசாதவரைக்கும் என்று ராமோன் ஒரு முடிச்சைப் போட்டுவைத்தார்.

பாப்லோவின் உத்தி அந்தக் காலத்துக்குப் புதிது. மேசியா வந்துவிட்டார் என்பதை ரபிமாரின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூது என்ற நூலிலிருந்தும் அவர்களுடைய கதைகளிலிருந்துமே நிரூபிக்கிறேன் என்றார். அதற்கு ரம்பான் கேட்டது எளிமையான கேள்வி: அந்த ரபிமார் இயேசுவை மேசியா என்று நம்பியிருந்தால் ஏன் யூதர்களாகவே வாழ்ந்து யூதர்களாகவே செத்தார்கள்? இந்தப் பாப்லோவைப்போல மதம் மாறியிருக்கலாமே?

பாப்லோ ஒரு பழைய கதையை எடுத்தார். ஒரு யூதன் உழுதுகொண்டிருக்கிறான், அவன் மாடு கத்துகிறது. அந்த வழியாகப் போன அரபியன் ஒருவன், “யூதனே, ஏரை அவிழ்த்துவிடு, உங்கள் ஆலயம் இடிந்துவிட்டது” என்கிறான். மாடு மறுபடியும் கத்துகிறது. “ஏரைப் பூட்டிக்கொள், உங்கள் மேசியா பிறந்துவிட்டார்” என்கிறான். ஆக, ஆலயம் இடிந்த நாளிலேயே மேசியா பிறந்தார் என்று உங்கள் ரபிமாரே சொல்லியிருக்கிறார்களே!

ரம்பான் அலட்டிக்கொள்ளவில்லை. இந்தக் கதையை நான் நம்பவில்லை, ஆனால் இது எனக்குத்தான் சாட்சி என்றார். இயேசு ஆலயம் இடிந்த நாளில் பிறக்கவில்லையே, அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்து சிலுவையிலும் மரித்துவிட்டாரே. ராஜாவின் நீதிபதி ஒருவர் குறுக்கிட்டு, இப்போது இயேசுவைப் பற்றிப் பேச்சில்லை, மேசியா வந்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி என்று காப்பாற்றப் பார்த்தார். பிறந்தது வேறு, வந்தது வேறு என்றார் ரம்பான். மோசே பிறந்த அன்று ‘வந்துவிட்டார்’ என்று யாரும் சொல்லவில்லை, பார்வோன் முன்னால் போய் நின்று என் ஜனத்தைப் போகவிடு என்று சொன்னபோதுதான் வந்தார். மேசியாவும் அப்படித்தான் போப்பிடம் போய், என் ஜனத்தைப் போகவிடு என்பார், அன்றைக்கு வந்துவிட்டார் என்று சொல்லலாம். டொமினிக்கன் துறவிகள் நிறைந்த சபையில் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. ஆலயம் இடிந்த நாளில் பிறந்தவர் ஆயிரம் வருஷத்துக்குமேல் எப்படி உயிரோடு இருப்பார் என்று கேட்டார். ஆதாமும் மெத்தூசலாவும் ஆயிரத்தை நெருங்கவில்லையா என்றார் ரம்பான். இப்போது எங்கே இருக்கிறார்? டொலேடோ பட்டணத்து வாசலில் இருக்கலாம், ஒரு ஆளை ஓடவிட்டுப் பாருங்கள் என்றார். கேலியாகத்தான் சொன்னேன் என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம்தான் உங்கள் பெரியவரின் கேள்வி வருகிறது. இயேசுவின் நாளிலிருந்து இன்றுவரை உலகம் முழுவதும் கொடுமையும் கொள்ளையும் நிறைந்திருக்கிறது, கிறிஸ்தவர்கள் மற்ற எல்லாரையும்விட அதிக இரத்தம் சிந்துகிறார்கள் என்றார் ரம்பான். அதோடு நிறுத்தவில்லை. என் ராஜாவே, இனி யுத்தத்தைக் கற்கவே கூடாது என்றால் உமக்கும் உம்முடைய இந்த வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டமாகிவிடும் என்றார். மயோர்காவைப் பிடித்தவரிடம்!

இன்னும் இரண்டு காரியம் சொன்னார், இவற்றை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. ஒன்று, எங்கள் மார்க்கத்தின் ஆணிவேர் மேசியா இல்லை என்பது. மேசியாவும் ஒரு ராஜா, நீரும் ஒரு ராஜா. அந்நிய ராஜாவின் கீழ் அடங்கியிருந்துகொண்டு தோராவைக் கைக்கொள்வதற்குத்தான் எனக்குப் பலன் அதிகம் என்றார். கிறிஸ்துவின் பெயரைத் தாங்கியிருக்கும் நமக்கு இது எளிதில் பிடிபடாது. அவர் யார் என்பதில்தான் நமக்கு எல்லாம் தொங்குகிறது. உங்கள் பெரியவருக்கோ தோராவும் கட்டளைகளும் முன்னால், மேசியா கடைசியில். நீங்கள் இரவெல்லாம் தூக்கமில்லாமல் யோசிக்கிற கேள்வியை அவர் கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கக்கூடும்.

இரண்டாவது, எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள உண்மையான வழக்கே மேசியாவைப் பற்றியது இல்லை, தேவனைப் பற்றியது என்றார். வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு யூதப் பெண்ணின் வயிற்றில் ஒன்பது மாதம் வளர்ந்து பிறந்து, பின் சத்துருக்கள் கையில் செத்தார் என்பதை எந்த யூதனின் புத்தியும் ஏற்காது. நீர் குழந்தையிலிருந்தே குருமார் சொல்லக் கேட்டுக் கேட்டு ஊறிப்போனதால் ஏற்கிறீர் என்று ராஜாவிடமே சொன்னார். கேட்க நமக்கு வலிக்கும். ஆனால் வழக்கின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவர் சரியாகத்தான் காட்டினார் என்பது என் அபிப்பிராயம். தாவீதின் குமாரன் யார் என்பதைப் பற்றி மட்டும் பேச்சு என்றால் அது ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் சண்டை. அவரைத் தொழலாமா என்று வந்தவுடன் அது வேறு சண்டை.

யார் ஜெயித்தார்கள்? எபிரெயக் குறிப்பைப் படித்தால் ரம்பான் ஜெயித்தார், தப்பான பக்கத்தில் இருந்துகொண்டு இவ்வளவு நன்றாக வாதாடிய ஆளை நான் பார்த்ததில்லை என்று ராஜா பாராட்டி வழிச்செலவுக்கு 300 தினார் கொடுத்து அனுப்பினார். லத்தீன் குறிப்பைப் படித்தால் ரபி பதில் சொல்ல முடியாமல் திணறி, ராஜா ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து நழுவிவிட்டார். நடந்த விளைவில் சந்தேகமில்லை. துறவிகள் பிரசங்கம் செய்ய வரும்போது யூதர்கள் உட்கார்ந்து கேட்டாக வேண்டும் என்று அந்த ஆகஸ்டிலேயே ராஜாவின் ஆணை பிறந்தது. ரம்பான் தம் வாதங்களை எழுதி வெளியிட்டதற்காக 1265-இல் டொமினிக்கன் சபையார் வழக்குத் தொடுத்தார்கள். போப்பும் தண்டிக்கச் சொன்னார். கிழவர் நாட்டைவிட்டே கிளம்பி 1267-இல் கப்பலில் வந்து இறங்கியது எங்கே தெரியுமா? நீங்கள் இருக்கும் ஹைஃபாவுக்கு வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கிற ஆக்கோ பட்டணத்தில். எருசலேமுக்குப் போனபோது அங்கே அவர் கண்ட யூதர்கள் சாயத் தொழில் செய்யும் இரண்டு சகோதரர்கள்தான் என்று மகனுக்கு எழுதினார்.

இதற்குப் பிறகு 1413-14-இல் தொர்தோசாவில் 69 அமர்வுகள் நடந்த விவாதம் வேறு, அங்கே பேசவே சுதந்திரம் கிடையாது. அதன்பின் 1492-இல் மதம் மாற மறுத்த எல்லா யூதரும் ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ‘உங்கள் வேதத்திலிருந்தே நிரூபிக்கிறேன்’ என்று ஒரு கிறிஸ்தவர் ஆரம்பித்தால் நம் காதில் அது சுவிசேஷமாக விழும். யூதப் பெரியவர் ஒருவர் காதில் அது கட்டாயப் பிரசங்கமாகவும், எரிக்கப்பட்ட தல்மூதாகவும், ‘கிறிஸ்துவைக் கொன்றவர்கள்’ என்ற ஏச்சாகவும் விழும். அவர் குடும்பம் ஐரோப்பாவிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்ததென்றால் விஷயம் இன்னும் புண்ணானது. வீடியோ தயாரித்தவருக்கு அது பற்றிக் கவலையில்லை, அவர் பார்சிலோனாவின் பாப்லோ செய்ததைப் போனில் செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் பெரியவரின் கையைப் பிடித்து நடத்துகிறவர், மாத்திரை கொடுக்கிறவர். கட்டிலை விட்டு எழுந்து போக முடியாதவரிடம் வாதம் பண்ணக் கூடாது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்றால், இல்லை. கேட்டது அவர்தானே. நேர்மையாகப் பதில் சொல்லலாம். நான் இயேசுவே மேசியா என்று விசுவாசிக்கிறவன், அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதவில்லை. கிறிஸ்தவர்களின் பதில் இரண்டு வருகை. முதலில் தாழ்மையாக வந்து பாவத்தைச் சுமந்தார்; ராஜாவாகத் திரும்பி வரும்போது பட்டயங்கள் மண்வெட்டியாகும். அவர் உயிர்த்தெழுந்ததை மற்றதற்கெல்லாம் அச்சாரமாக நினைக்கிறோம். பெரியவர் உடனே, ஒரே மேசியா இரண்டு தரம் வருவார் என்று எங்கள் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. தீர்க்கதரிசிகள் இரண்டையும் ஒரே பார்வையில் கலந்து கண்டார்கள், உயிர்த்தெழுதலுக்குப் பின்தான் பிரித்துப் புரிந்துகொண்டோம் என்று நாம் சொல்வோம். அதை நம்பினால்தான் இது செல்லும். வசனத்தைக் காட்டி அவரை மடக்கிவிட முடியாது.

சைரன் கேள்விக்கு நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவ்வளவுதான் சொல்வேன்: “நீங்கள் சொல்வது சரி, தாத்தா. அந்த நாளை நாங்களும் இன்னும் பார்க்கவில்லை. நாங்களும் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம். வரப்போகிறவர் யார் என்று எங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறோம்.” கேள்வியிலிருந்து நழுவ இதைச் சொல்லவில்லை. 2001-இல் கத்தோலிக்க சபையின் வேதாகம ஆணையம் ஏறக்குறைய இதையேதான் எழுதியது: யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பு வீண் இல்லை; நாமும் அவர்களைப்போலவே எதிர்பார்த்து வாழ்கிறோம்; வரப்போகிறவரிடம் ஏற்கெனவே வந்த இயேசுவின் சாயலைக் காண்போம் என்பதுதான் நமக்குள்ள வித்தியாசம். நீங்கள் சி.எஸ்.ஐ.யோ வேறு சபையோ, இதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஜெபக்குழுவில் யாராவது முகம் சுளித்தால் மத்தேயு 11:3-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். “வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா” என்று சிறையிலிருந்து ஆளனுப்பிக் கேட்டது யோவான் ஸ்நானகன். ஏரோதின் சிறையில் கிடந்தவருக்கும் இதே சந்தேகம் வந்திருக்கிறது.

அவரிடம் பேசும்போது ‘நீங்கள் ஏன் ஏற்கவில்லை’ என்று தொடங்காதீர்கள். மேசியா வரும்போது என்ன நடக்கும் என்று உங்கள் அப்பா சொல்லித்தந்தார் என்று கேளுங்கள். பதில் ஆச்சரியமாக இருக்கலாம். அவர் மேசியாவையே எதிர்பார்க்காதவராகவும் இருக்கலாம். ஹைஃபாவில் மத நம்பிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத யூதர்களும் நிறையப் பேர், அப்படியானால் நீங்களும் ஜெபக்குழுவும் கவலைப்பட்ட கேள்வியே வேறு.

இனி எலியாவின் கதவு. திறங்கள், ஒரு தப்பும் இல்லை. மல்கியா புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய நாள் வருமுன் எலியாவை அனுப்புவேன் என்று இருக்கிறதே, அந்த வாக்குத்தத்தத்தின்மேல் நிற்கிற வழக்கம் அது. இரண்டாம் நூற்றாண்டில் நம்முடைய சபைப் பிதா யுஸ்தீனோடு வாதம் செய்ததாக எழுதப்பட்டிருக்கும் யூதர் திரிப்போவும் இதைத்தான் சொன்னார்: மேசியா பிறந்து எங்காவது இருந்தாலும் எலியா வந்து அபிஷேகம் பண்ணி வெளிப்படுத்தும்வரை அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. நாம் எலியா யோவானாக வந்துவிட்டார் என்கிறோம், அவர்கள் பாத்திரத்தில் திராட்சரசம் ஊற்றிவைத்துக் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். கதவைத் திறப்பதால் நீங்கள் எதையும் மறுதலிக்கவில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கதவு திறந்திருக்கும்போது 79-ஆம் சங்கீதத்திலிருந்து, உம்மை அறியாத ஜாதிகள்மேல் உமது உக்கிரத்தை ஊற்றும் என்ற வசனத்தைப் பல வீடுகளில் வாசிப்பார்கள். வாசலில் நிற்கிற ‘ஜாதி’ நீங்கள்தானோ என்று திடுக்கிட வேண்டாம். நடுக்காலத்து ஐரோப்பாவில், பஸ்கா சமயத்தில் கிறிஸ்தவக் கும்பல்கள் வீடு புகுந்து வெட்டிய காலத்தில் ஓங்கிய ஜெபம் அது. பெரியவர் அதைச் சொல்லிவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கவும் கூடும்.

அந்த வாரத்துக்கு உங்களுக்கு நிஜமான பிரச்சினை சமையலறையில்தான் வரும். ஏழு நாளும் புளித்த மாவு எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகப் பார்ப்பவர்களா என்று அவர் மகளிடமோ மகனிடமோ இப்போதே கேட்டுவிடுங்கள். ரொட்டி, பிஸ்கட், ரவை உங்களுக்கே தோன்றும். ஊரிலிருந்து கொண்டுபோன பெருங்காயத்தூள் தோன்றாது, அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஐரோப்பா வழி வந்த அஸ்கனாசி வீடு என்றால் அரிசியும் பருப்பும்கூட வழக்கப்படி கூடாது, ஈராக் பக்கத்துக் குடும்பங்களில் அரிசிக்குப் பெரும்பாலும் தடையில்லை, மொராக்கோக் குடும்பங்களில் பல அரிசியைத் தவிர்க்கும். அஸ்கனாசியாக இருந்தால் உங்கள் சோற்றுக்கு எங்கே வழி என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், உருளைக்கிழங்கும் முட்டையும் எந்த வீட்டிலும் கிடைக்கும்.